பெட்ரோல் பம்ப் இல்லாத 341 கிலோமீட்டர்: நொய்டாவிலிருந்து காஜிப்பூர் வரை

நவம்பர் 26, 2021, வெள்ளி – ஆக்ரா

பைக்கில் காஜிப்பூர் போகிறேன் என்று ஆபீஸில் சொன்னதும், “குப்பைமேட்டுக்குப் போக எதற்கு லீவு?” என்றார்கள். டெல்லிக்காரர்களுக்கு காஜிப்பூர் என்றால் நொய்டாவை ஒட்டி மலைபோல நிற்கிற அந்தக் குப்பைக் கிடங்குதான். இல்லையென்றால் ஒரு வருடமாக விவசாயிகள் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும் எல்லை. நான் போவது இன்னொரு காஜிப்பூர். உத்தரப்பிரதேசத்தின் கிழக்குக் கோடி, கங்கைக் கரை, தாண்டினால் பீகார். இந்த மாதம் 16-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த பூர்வாஞ்சல் (கிழக்கு உ.பி.) எக்ஸ்பிரஸ்வே லக்னோவில் தொடங்கி அந்த மாவட்டத்தில்தான் முடிகிறது.

யமுனா எக்ஸ்பிரஸ்வே 165, ஆக்ரா–லக்னோ 302, பூர்வாஞ்சல் 341. கூட்டினால் 808 கிலோமீட்டர். நடுவில் லக்னோவைச் சுற்றிப்போகும் துண்டை விட்டால் சிக்னல் இல்லை, ஸ்பீட் பிரேக்கர் இல்லை. கார்க்காரர்களுக்கு இதெல்லாம் சாதாரணம். பைக்காரனுக்கு அப்படி இல்லை. மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயில் நமக்கு இடம் கிடையாது. ஹைதராபாத் வெளிவட்டச் சாலையிலும் கிடையாது. ஏன், எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இந்த ஏப்ரலில் திறந்த டெல்லி–மீரட் எக்ஸ்பிரஸ்வேயின் வாசலிலும் இருசக்கர வாகனத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை நிற்கிறது. உ.பி. மாநில அரசின் கீழ் வரும் இந்த மூன்று சாலைகளில் “பணத்தைக் கட்டு, போ” என்கிறார்கள். அதனால்தான் இந்த ரூட்.

என்னுடையது ஹிமாலயன் 411. கூட வருகிற மதுரைக்காரத் தம்பியுடையது கிளாசிக் 350. இரண்டும் எண்பதில் ஓட்டினால் சந்தோஷமாக ஓடும், நூறைத் தொட்டால் முனகும். எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வேகமும் எண்பதுதான். ஆக, சட்டமும் இஞ்சினும் ஒரே பக்கம்.

மதியம் இரண்டு மணிக்கு கிரேட்டர் நொய்டாவின் பரி சௌக்கில் ஏறினோம். பனியும் இல்லாமல் மேகமும் இல்லாமல் அந்தப் பழுப்புப் புகைமூட்டம். டெல்லியில் பள்ளிக்கூடங்களையே மூடி வைத்திருக்கிறார்கள். ஜேவர் பக்கம் சாலை ஓரமெல்லாம் பேனர்கள், வாடிய சாமந்தித் தோரணங்கள். நேற்றுதான் விமான நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கொடிக்கம்பம் பிடுங்கிக்கொண்டிருந்த பையன்கள் எங்கள் டி.என். நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

யமுனா எக்ஸ்பிரஸ்வே சிமென்ட் கான்கிரீட் சாலை. தாரில் ஓட்டிப் பழகியவனுக்கு முதல் பத்து கிலோமீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். டயர் ஒரே சுருதியில் ஊளையிடும். வெயில் காலத்தில் இங்கே டயர் வெடிப்பது சகஜம். இப்போது குளிர் என்பதால் அந்த பயம் இல்லை. டிசம்பர் 15-க்கு மேல் மூடுபனிக்காகக் கார்களின் வேகத்தையே நூறிலிருந்து எண்பதாகக் குறைத்துவிடுவார்கள். அப்போது பைக்கில் வருவது புத்திசாலித்தனம் அல்ல.

டோல் பிளாசாவில் தம்பி பழக்கதோஷத்தில் இடது ஓரச் சந்துவழியைத் தேடினான். நம்மூர் தேசிய நெடுஞ்சாலைகளில் பைக்குக்குக் கட்டணமே இல்லை. ஓரத்தில் ஒரு வழி விட்டிருப்பார்கள், நிற்காமல் போய்விடுவோம். இங்கே காருக்கு ஆவதில் கிட்டத்தட்டப் பாதி. பாஸ்டேக் நமக்குக் கிடையாது, ரொக்கம்தான். கையுறையைக் கழற்றி, ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து, பர்ஸை எடுத்து, சில்லறை வாங்கி, மறுபடி எல்லாவற்றையும் போட்டுக்கொள்வதற்குள் பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடித்துவிட்டன.

“என்னண்ணே இது, வளைவே இல்ல. கண்ண மூடிட்டு ஓட்டலாம் போல இருக்கு.”

“மூடிராத தம்பி.”

ஆனால் அவன் சொன்னது உண்மை. இந்தச் சாலையில் பைக்காரனுக்கு எதிரி வேகம் இல்லை, தூக்கம்தான். நாற்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

ஆக்ராவில் தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இருவரும் ஏற்கெனவே பார்த்ததுதான், நஷ்டமில்லை. லாட்ஜ் டிவியில் ஓமிக்ரான் என்று புதுப் பெயர் ஒன்று ஓடுகிறது. மாஸ்க்கைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

நவம்பர் 27, சனி – லக்னோ

ஆக்ரா–லக்னோ எக்ஸ்பிரஸ்வே 2016 நவம்பரில் திறக்கப்பட்டது. திறந்த அன்றே போர் விமானங்களை இறக்கிக் காட்டினார்கள். ஐந்து வருடத்தில் நன்றாகவே பழகியிருக்கிறது. பம்ப், சாப்பாட்டுக் கடை, கழிப்பறை எல்லாம் உண்டு. தார் சாலை என்பதால் நேற்றைய ஊளைச் சத்தமும் இல்லை. ஃபிரோசாபாத், மைன்புரி, எட்டாவா எல்லாம் பச்சைப் பலகைகளாக மட்டும் கடந்துபோயின. வளையல் ஊரைக் கடந்தோம், ஒரு வளையல்கூடக் கண்ணில் படவில்லை. இந்தச் சாலைகளின் குணமே அதுதான்.

கன்னௌஜில் இறங்கினோம். அத்தர் ஊர். கடைத்தெருவுக்குள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் வாசனை மூக்கில் ஏறியது. ரோஜா என்றோ மல்லிகை என்றோ பிரித்துச் சொல்ல முடியாத, கனமான, கொஞ்சம் தலைசுற்ற வைக்கும் கலவை. ஒரு காய்ச்சும் கூடத்துக்குள் எட்டிப்பார்க்க விட்டார்கள். செங்கல் அடுப்பின் மேல் செப்பு அண்டா. அதன் வாயை மண்ணும் பஞ்சும் பிசைந்து அடைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு மூங்கில் குழாய், தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் செம்புக் குடத்துக்குள் போகிறது. குடத்துக்குள் சந்தன எண்ணெய். பூவின் ஆவி வந்து அதில் இறங்கிக்கொள்கிறது. மீட்டர் இல்லை, கடிகாரம் இல்லை. தொழிலாளி ஈரத்துணியைப் போட்டும் விறகை இழுத்தும் சூட்டைச் சரிசெய்கிறார். குடத்தைத் தொட்டுப் பார்த்தே போதுமா போதாதா என்று சொல்கிறார்.

சுட்ட மண் வில்லைகளை இதே முறையில் காய்ச்சி, முதல் மழையில் எழும் மண்வாசனையை ஒரு சீசாவில் அடைத்து விற்கிறார்கள். தம்பி இரண்டு சொட்டு கையில் தடவி முகர்ந்துவிட்டு, “எங்க ஊர்ல ஐப்பசில இது சும்மா வரும்ணே” என்றான். விலையைக் கேட்டுவிட்டு அதையே இன்னும் பலமாகச் சொன்னான். நான் வாங்கினேன். சின்ன சீசா.

மறுபடி ஏறி, பாங்கர்மாவ் பக்கத்தில் விமான ஓடுதளப் பகுதியைத் தாண்டி, இருட்டுவதற்குள் லக்னோ. இரண்டு வண்டிக்கும் செயினுக்கு எண்ணெய் விட்டு, டயர் காற்று பார்த்து, டேங்க்கை மூடி வரை நிரப்பினோம். இங்கே பெட்ரோல் 95 ரூபாய் சொச்சம். டெல்லியில் இன்னும் 103-க்கு மேல். நாளைய சாலையில் பம்ப் ஒன்றுகூட இல்லை என்பதால் டேங்க்தான் நாளைய கணக்கு. எனக்கு 15 லிட்டர், லிட்டருக்கு முப்பது வைத்தால் 450 கிலோமீட்டர். தம்பிக்கு 13 லிட்டர். அவன் வண்டி கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும். போதும்.

நவம்பர் 28, ஞாயிறு – ஆசம்கர்

காலையில் பழைய லக்னோவின் சௌக்கில் மக்கன் மலாய். குளிர்காலத்தில் மட்டும் விற்பது. பாலை ராத்திரி பனியில் வைத்து விடியலில் கடைந்தெடுத்த நுரை, குங்குமப்பூ நிறம், வாயில் வைத்தால் இருந்த தடயம் இல்லை. “காசுக்குக் காத்து விக்கிறான்” என்றபடி தம்பி மூன்று தொன்னை சாப்பிட்டான்.

சஹீத் பத் வழியாக நகரத்தைச் சுற்றி சுல்தான்பூர் சாலைக்கு வந்தால் சாந்த் சராய் என்ற கிராமத்தில் பூர்வாஞ்சல் எக்ஸ்பிரஸ்வே ஆரம்பம். ஆறு வழி, எட்டாக விரிக்க இடம் விட்டிருக்கிறார்கள். பாராபங்கி, அமேட்டி, அயோத்தி, சுல்தான்பூர், அம்பேத்கர் நகர், ஆசம்கர், மாவு என்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு காஜிப்பூர் வரை போகிறது. நிலத்தின் விலையோடு சேர்த்து 22,000 கோடிக்கு மேல் செலவு. டோல் பிளாசா கட்டி முடித்திருக்கிறது, வசூல் இன்னும் தொடங்கவில்லை. தடுப்புக் கட்டையைத் தூக்கியே வைத்திருக்கிறார்கள். தார் கருகருவென்று மின்னுகிறது. வெள்ளைக் கோட்டில் ஒரு டயர் தடம் இல்லை. பின்னாலிருந்து மேல்காற்று தள்ளிக்கொடுத்தது. எண்பதில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சத்தமே இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு சொகுசான எண்பது நான் ஓட்டியதில்லை.

இருபுறமும் நெல் அறுத்து முடித்த வயல், கோதுமை விதைப்பு, தலைக்கு மேல் நிற்கும் துவரை, கரும்பு. கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் அதில் ஏற்கெனவே ஓட்டை போட்டுவிட்டார்கள். வேறு வழி என்ன? வீடு ஒருபக்கம், வயல் மறுபக்கம், சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி. ஓட்டைகள் வழியாக மனிதர்கள் மட்டும் வருவதில்லை. நடுத்தடத்தில் ஒரு காளை அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. கார்கள் நூறில் வந்து கடைசி நொடியில் விலகின. நாங்கள் தூரத்திலேயே வேகம் குறைத்து, இன்டிகேட்டர் போட்டு, பின்னால் வருபவர்களுக்குக் கைகாட்டி ஓரமாகப் போனோம். இரவில் இதே காளை இதே இடத்தில் படுத்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கூரேபார் பக்கத்தில் விமான ஓடுதளம், 3.2 கிலோமீட்டர். நடுவிலிருக்கும் தடுப்பு மறைந்து சாலை திடீரென்று மைதானமாகிறது. 16-ஆம் தேதி பிரதமர் சி-130 ஹெர்குலிஸ் விமானத்தில் வந்து இங்கேதான் இறங்கினார்; பிறகு மிராஜும் சுகோயும் சாகசம் காட்டின. இன்றைக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து ஓடுதளத்தில் ஜமுக்காளம் விரித்துப் பூரி சாப்பிடுகிறார்கள். ஒரு பாட்டியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கோட்டின் மேல் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். நூறில் வரும் கார்களுக்கு நடுவில்! சந்தோஷத்தைப் பார்த்தால் திட்ட மனசு வரவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை.

சுல்தான்பூர் இறக்கத்தில் இறங்கி டீ குடித்தோம். கடை முழுக்கக் கையில் ஹால்டிக்கெட்டோடு இளைஞர்கள். இன்று ஆசிரியர் தகுதித் தேர்வு. கேள்வித்தாள் வெளியானதால் மாநிலம் முழுக்க ரத்து. ஹால்டிக்கெட்டைக் காட்டினால் பஸ்ஸில் இலவசமாக ஊர் திரும்பலாமாம். ஒருவர் அந்தக் காகிதத்தை மடித்து மடித்துப் பொட்டலம் போலாக்கிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் பேச்சை மாற்ற, இந்தச் சாலை யாருடையது என்று ஆரம்பித்தார். 2018 ஜூலையில் ஆசம்கரில் மோடி அடிக்கல் நாட்டியது கணக்கா, அதற்கு முன்பே அகிலேஷ் அரசு திட்டம் போட்டது கணக்கா? தேர்தல் வருகிறது, கடை இரண்டாகப் பிரிந்தது. “டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புவோம்ணே” என்றான் தம்பி.

இனி சொல்லப்போவதுதான் இன்றைய நாள். சுல்தான்பூரைத் தாண்டி வெகுதூரம் வந்தபின், ஓரத் தடத்தில் ஒரு ஸ்பிளெண்டர். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னால் மனைவி, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையில் பை, ஒரு கையில் ஐந்து வயதுப் பையன். ஆசம்கர் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறார்கள். வண்டியில் பெட்ரோல் இல்லை. நாற்பது நிமிடமாகத் தள்ளுகிறாராம். கார்கள் நிற்கவில்லை; நின்றிருந்தாலும் அவர்களால் என்ன செய்ய முடியும்?

“எவ்வளவு அடிச்சீங்க, பைய்யா?”

“நூறு ரூபாய்க்கு. எப்பவும் அவ்வளவுதான் அடிப்போம். வழியில பம்ப் இருக்கும்னு பார்த்தேன்.”

நூறு ரூபாய் என்றால் ஒரு லிட்டர் சொச்சம், அறுபது கிலோமீட்டர் சொச்சம். கிழக்கு உ.பி.யில் பைக் வைத்திருக்கும் குடும்பங்கள் பெட்ரோல் வாங்கும் கணக்கு இதுதான். நம்மூர்க் கிராமங்களிலும் இதுதான். டேங்க்கை நிரப்பிக்கொண்டு புறப்படுபவன் என்னைப் போல மாதச் சம்பளக்காரன். இந்தச் சாலையை நிரம்பிய டேங்க்கை மனதில் வைத்துத் திறந்துவிட்டார்கள். பெயர் பூர்வாஞ்சல், ஆனால் பூர்வாஞ்சல்காரனின் வண்டி எது, அது எவ்வளவு பெட்ரோலோடு கிளம்பும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தம்பி பையிலிருந்து மீன்தொட்டி டியூப் ஒன்றை எடுத்தான். ஹிமாலயனின் மூடியைத் திறந்து, டியூபை விட்டு, வாயால் இழுத்தான். முதல் இழுப்பில் காற்று, இரண்டாவதில் காற்று, மூன்றாவதில் வாய் நிறையப் பெட்ரோல். துப்பிக்கொண்டே டியூபைத் தண்ணீர் பாட்டிலுக்குள் திணித்தான். சிறுவனுக்கு அதுவரை இருந்த அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பாட்டில் ஊற்றினோம். ஸ்பிளெண்டர் ஐந்தாறு உதையில் கிளம்பியது.

அவர் மடிப்புக் கலையாத நூறு ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. அந்த அம்மா கணவரை ஏதோ கடிந்துகொண்டு, பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துப் பாலுஷாஹியில் நாலைந்தைத் தம்பி கையில் வைத்தார். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் பலகாரம், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நம்ம பாதுஷாவேதான், கொஞ்சம் கெட்டி. தம்பி வாயில் பெட்ரோல் நாற்றத்தோடு அதைத் தின்றுவிட்டு, “இனிப்பு கம்மிண்ணே” என்றான்.

அவர்கள் வேகத்துக்கே நாங்களும் ஐம்பதில் பின்னால் போனோம், ஆசம்கர் இறக்கம் வரை. நீண்ட நேரம். அலுக்கவில்லை.

நவம்பர் 29, திங்கள் – காஜிப்பூர்

காலையில் நிஜாமாபாத். ஆசம்கரிலிருந்து கொஞ்ச தூரம். கருப்பு மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், புவிசார் குறியீடு வாங்கியது. பாண்டத்தைச் சூளையில் அடைத்துப் புகையிலேயே சுடுவதால் கருப்பாகிறது. பளபளப்புக்குக் கடுகெண்ணெய். மேலே ஊசிமுனைக் கருவியால் பூவும் கொடியும் கீறி, அந்தக் கீறலுக்குள் பாதரசம் கலந்த வெள்ளை உலோகப் பொடியைத் தேய்க்கிறார்கள். கருப்பு மேல் வெள்ளிக்கோடு எழுகிறது. வெறும் விரலால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் உதறல்தான். கையுறை போடக் கூடாதா என்றேன். சிரித்துவிட்டு அடுத்த குடத்தை எடுத்தார். சாலை வந்ததால் வியாபாரம் கூடுமா என்று கேட்டேன். “சாலையில் போகிறவர்கள் இறங்கினால்தானே” என்றார். நியாயம். இரண்டு சின்ன ஜாடி வாங்கி, மாற்றுச் சட்டையில் சுற்றி வைத்தேன்.

மாவு மாவட்டம் வழியாகக் கடைசித் துண்டு. வாகனமே குறைவு. சிறுவர்கள் ஓரத் தடத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். ஹைதரியா என்ற கிராமத்தில் எக்ஸ்பிரஸ்வே முடிந்து தேசிய நெடுஞ்சாலை 31-ல் கொட்டுகிறது. இங்கிருந்து பீகார் எல்லை 18 கிலோமீட்டர். வளைவு, பலகை, நினைவுத்தூண் எதுவும் கண்ணில் படவில்லை. ஆறு வழி சட்டென்று சுருங்கி டிராக்டர், இ-ரிக்‌ஷா, ஆடு, கரும்பு வண்டி எல்லாவற்றோடும் கலந்துவிடுகிறது. வேகத்தைக் கண் மறக்கச் சிறிது நேரம் பிடிக்கும். எண்பது இருபது போலத் தெரியும் அந்த முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் ஸ்பீடாமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள்.

காஜிப்பூர் நகரத்துக்குப் போக இங்கிருந்து மேற்கே திரும்பி வரவேண்டும். நகரத்தில் நான் பார்க்க நினைத்தது காரன்வாலிஸ் கல்லறை. அமெரிக்காவில் யார்க்டவுனில் 1781-ல் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி, அதே காரன்வாலிஸ். பிறகு இந்தியாவுக்கு வந்து திப்புவோடு போரிட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் சேலத்தையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர். இரண்டாம் முறை கவர்னர் ஜெனரலாக வந்தபோது, கங்கை வழியாக மேற்கே போகும் வழியில் 1805 அக்டோபர் 5-ஆம் தேதி இங்கே இறந்துபோனார். வட்டமாகத் தூண்கள், மேலே குவிமாடம், சுற்றிலும் புல்வெளி. காதல் ஜோடிகள் இரண்டு, ஒரு காவலாளி, நாங்கள். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இவருடைய பெரிய சிலை நிற்கிறதே, அதைத் தம்பிக்கு ஞாபகப்படுத்தினேன். “நம்ம திண்டுக்கல்ல வாங்குனவரு இங்க வந்தா படுத்துருக்காரு?” என்று ஒருமுறை சுற்றிவந்தான்.

கங்கைக்கரையில் 1820-லிருந்து இருக்கும் அபின் தொழிற்சாலையின் மதில்தான் இன்னொரு அடையாளம். மருந்துக்கான அபின், அரசாங்கமே நடத்துகிறது. உள்ளே விடமாட்டார்கள், மதிலைச் சுற்றிக் குரங்குகள் ஏராளம்.

இதே வழியில் பைக்கில் வர நினைப்பவர்களுக்கு, இந்த 2021 நவம்பர் நிலவரம். லக்னோவிலேயே டேங்க்கை நிரப்புங்கள். தண்ணீர், பிஸ்கெட், டியூப் வண்டியென்றால் பங்க்சர் கிட்டும் கையில் இருக்கட்டும். ஸ்போக் சக்கரத்தில் ஆணி ஏறினால் உதவிக்கு அங்கே யாரும் இல்லை. இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம், காளை காரணம். பெண்களோடு போகிறவர்கள் கழிப்பறைக்கு இறக்கங்களில் இறங்கி ஊருக்குள் போகவேண்டியிருக்கும். இதெல்லாம் நாளாக ஆகச் சரியாகலாம். டோல் தொடங்கும்போது பைக்கிடமும் வாங்குவார்கள், மற்ற இரண்டு சாலையிலும் வாங்குகிறார்களே. வாங்கட்டும். அதற்கு முன்னால் ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு பம்ப்பும் ஒரு பங்க்சர் கடையும் போட்டுவிட்டு வாங்கட்டும். நூறு ரூபாய்க்கு அடிப்பவனும் டோல் கட்டத்தான் போகிறான்.

நாளை காசி. இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தேசிய நெடுஞ்சாலை என்பதால் பைக்குக்குக் கட்டணம் இல்லை, பம்ப்புக்கும் பஞ்சமில்லை. அனுமான் காட் பக்கம் நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் என்று சொன்னதிலிருந்து தம்பி அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்திருக்கிறான்.